மூன்றாவது வரி

அந்த விளக்கைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிவையுங்க. இன்னும் கொஞ்சம். போதும். வெளிச்சம் முகத்தில் எங்கே விழவேண்டும் என்று எனக்குத் தெரியும். பாரிசில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் முப்பது வருஷம் இருந்தவன் நான். உங்க பேர் இருதயராஜ்தானே? இந்தப் பிரெஞ்சு டெலிக்காரர்கள் கல்யாண வீடியோக் கடையில் விளக்கை வாடகைக்குக் கேட்டார்களாம், கடையில் விளக்கோடு உங்களையும் அனுப்பிவிட்டார்களாம். உட்காருங்க. அவங்க வர எப்படியும் மூணு மணி ஆகும். பிரெஞ்சுக்காரன் மதியம் சாப்பிட உட்கார்ந்தால் தட்டு மாற்றி மாற்றி வந்துகொண்டே இருக்கும். உங்களை காமிராவுக்குக் காவல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பார்த்தீங்களா. காவல் வேலை எனக்கும் தெரியும். அது வேற விஷயம்.

என் காலரில் குத்தியிருக்கிற இந்த மைக் இப்போது ஓடவில்லையே? நல்லது.

படம் எடுக்கிற அந்தப் பெண் சொலேன், காலையில் என்னிடம் என்ன கேட்டாள் என்று உங்களுக்குப் புரிந்திருக்காது. பிரெஞ்சில் கேட்டாள். மேசையில் ஒரு மஞ்சள் அட்டையை வைத்தாள், உள்ளங்கை அகலம், ஒரு மூலையில் கறுப்பு மை. "மிஸ்யே சிங்காரவேலு, இது யார் கையெழுத்து?" அவ்வளவுதான் கேள்வி. நான் எனக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிடணும், சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சரி என்று எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நான் இன்னும் சாப்பிடவில்லை. என் மனைவி அமிர்தம் சோற்றை மூடிவைத்துவிட்டு, கருவடிக்குப்பத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். "இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளிச்சுப்போச்சு. காமிரா முன்னாடியாவது ஒழுங்கா சொல்லுங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். ஒழுங்கா என்றால் என்ன? நான் எப்போதும் ஒழுங்காகத்தான் சொல்கிறேன்.

ழில்பேர் ரூசேன் என்று நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. அங்கே நாய்க்குட்டிக்குக்கூட அவர் குரல் தெரியும். ஒரு சின்ன ஊர்க் கறிக்கடைக்காரர் மகன். பதினேழு வயதில் ஒரு வேனின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, கிராமத்து சைக்கிள் பந்தயத்துக்கு வர்ணனை சொன்னவர். அங்கிருந்து ரேடியோ, ரேடியோவிலிருந்து டெலி. நாட்டையே சுற்றி மூணு வாரம் ஓடுகிற சைக்கிள் பந்தயத்துக்குப் பத்தொன்பது வருஷம் அவர்தான் வர்ணனை. ஜூலை பதினாலு ராணுவ அணிவகுப்புக்கு அவர். ராஜா வீட்டுக் கல்யாணம் என்றால் அவர். பிறகு ஞாயிறு மதிய நிகழ்ச்சி. கோழி அடுப்பில் வேகும்போது அவர் குரல் கூடத்தில் கேட்க வேண்டும், அப்போதுதான் அது ஞாயிற்றுக்கிழமை. அப்படி ஒரு மனிதர். போன மாசம் இறந்துவிட்டார், எழுபத்தொன்பது வயது. அதற்குத்தான் இந்தப் படம் எடுக்கிறார்கள்.

எல்லோரும் அவருக்குத் தெரியாததே இல்லை என்பார்கள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா? பேசினது அவர். தெரிந்துவைத்திருந்தது நான்.

எப்படி என்று கேளுங்க. என் அப்பா சொல்தா. நம்ம ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை அப்படித்தானே சொல்வோம். அவர் புண்ணியத்தில் எனக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். இருபத்துநாலு வயதில் பாரிஸ் போனேன். படிப்பு இங்கே பத்தாவதோடு சரி. ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள், அந்த நிலையத்துக்கு இரவுக் காவலாக அனுப்பினார்கள். ராத்திரி முழுக்க ஆளில்லாத கட்டடம், கீழ்த்தளத்தில் ஒரு நூலகம், சாவி என் இடுப்பில். என்ன செய்வீங்க? நான் படித்தேன். அகராதியில் தொடங்கினேன். ஊர்ப் பெயர்கள், பழைய பத்திரிகைகள், யார் யாருக்குப் பிள்ளை, யார் எங்கே பிறந்தது. தூக்கம் வராத மனுஷனுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஒரு ஜூலை பதின்மூணாம் தேதி. மறுநாள் அணிவகுப்புக்கு அவருடைய அட்டைகள் வர்ணனை அறையில் கிடந்தன. சுற்றிப் பார்க்கப் போனவன் எடுத்துப் புரட்டினேன். பழைய பிரெஞ்சு ஊர்களைப் பற்றி ஒரு அட்டை. அதில் எழுதியிருக்கிறது, புதுச்சேரி ஒரு அழகான தீவு. தீவு. நான் பிறந்த முத்தியால்பேட்டையைச் சுற்றி எந்தக் கடல் ஓடுகிறது, சொல்லுங்க? பென்சிலால் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினேன். தீவு அல்ல. விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வரலாம்.

மறுநாள் மதியம் அவர் அப்படியே படித்தார். "விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வரக்கூடிய புதுச்சேரி" என்று ராணுவ டாங்கிகள் போகும்போது சொன்னார். நாடே கேட்டது. அன்று சாயங்காலம் நான் வேலைக்குப் போனால், காவலாளி நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். "பென்சில் உன்னுடையதா?" என்றார். ஆமாம் என்றேன். "இனிமேல் பேனாவில் எழுது" என்றார்.

அப்படி ஆரம்பித்தது, பதினெட்டு வருஷம்.

அவருக்கு ஒரு பழக்கம். திரையில் ஓடுகிற எழுத்தைப் பார்த்துப் படிக்கமாட்டார். அட்டைதான். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை, ஒரு அட்டைக்கு மூணே வரி. முதல் வரி பேர். இரண்டாவது வரி, எந்த ஊர், அப்பா அம்மா என்ன செய்தார்கள். மூன்றாவது வரி, யாருக்கும் தெரியாத ஒரு விஷயம். "அந்த மூணாவது வரிக்காகத்தான் எனக்குச் சம்பளம்" என்று அவரே சொல்வார். பாருங்க, அவர் வாயாலேயே சொன்னது. அவருக்குச் சம்பளம் மூணாவது வரிக்கு. மூணாவது வரி எழுதினது யார்?

சொன்ன அட்டையை இடது பையில் போட்டுக்கொள்வார். சொல்லாததை வலது பையில் போட்டு என்னிடம் திருப்பித் தருவார். என் ஷிப்ட் காலை ஏழு மணிக்கு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் வீட்டுக்குப் போகமாட்டேன். அதே காவலாளி உடுப்பில், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பேன். நேரலையில் அவருக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் ஒரு பார்வை பார்ப்பார். உறுதி என்றால் நான் இடது காதைத் தொடுவேன். உறுதி இல்லை, வேண்டாம் என்றால் மூக்கைத் தொடுவேன். அவ்வளவுதான் எங்கள் பாஷை. பதினெட்டு வருஷத்தில் அவர் என் காதை நம்பாமல் இருந்ததே இல்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கொலம்பியாக்காரப் பையன் ஒருவன் மலைமேல் சைக்கிள் ஓட்டுகிறான், முன்னால் யாரும் இல்லை. ழில்பேர் தணிந்த குரலில் சொல்கிறார், "இவன் அம்மா இதேபோல் ஒரு மலையில் பால் விற்றவள். இவன் சைக்கிள் கற்றது பால் கேனைக் கட்டிக்கொண்டு. கேன் இல்லாமல் ஏறுவது இவனுக்கு இன்னும் பழகவில்லை." மறுநாள் பத்திரிகை எழுதுகிறது, ரூசேனுக்கு மனிதர்களின் இதயம் தெரியும் என்று. அந்தப் பால் கேனை நான் எங்கேயிருந்து எடுத்தேன் தெரியுமா? ஒரு ஸ்பானிஷ் பத்திரிகை. ஸ்பானிஷ் எனக்குத் தெரியாது. அகராதி வைத்து மூணு ராத்திரி. திங்கட்கிழமை ழில்பேர் என்ன கொண்டுவந்தார்? ஒரு சீஸ். தாளில் சுற்றி, அவர் ஊரிலிருந்து அவரே போய் வாங்கிவந்தது. நாற்றம் லிப்ட் வரைக்கும் வந்தது. அமிர்தம் அதை சன்னலுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டாள். பதிலுக்கு ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். அவர் அதை ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, கண்ணில் தண்ணீரோடு இன்னொரு பாட்டில் கேட்டார். பாட்டிலுக்கு ஒரு சீஸ். இப்படித்தான் போனது. ஒரு நன்றி மேடையில் சொன்னாரா? பதினெட்டு வருஷத்தில் என் பேர் ஒரு தடவை அவர் வாயிலிருந்து டெலியில் வந்ததா? இல்லை.

கேட்டேன். ஏன் கேட்காமல்? நிகழ்ச்சி முடிவில் மேக்கப் போட்டவர் பேர் ஓடுகிறது, பூ வைத்தவர் பேர் ஓடுகிறது, என் பேரும் ஓடட்டும் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "சிங்காரவேலு, நீ கம்பெனிக் காவலாளி. பத்திரிகைக்காரர் செய்யவேண்டிய வேலையை நீ செய்கிறாய் என்று மேலே தெரிந்தால், சங்கம் கேட்கும், கம்பெனி கேட்கும். பேர் உள்ளே வந்த மறுநாள் ஆள் வெளியே போவாய்" என்றார். நல்ல சாக்கு, இல்லையா? நான் அப்போதே அமிர்தத்திடம் சொன்னேன், என் பேர் நீளம், அவருக்கு மனசு குறுகல் என்று. அவள், "மனுஷன் நல்லதுக்குத்தான் சொல்றாரு" என்றாள். பொம்பளைகளுக்கு டெலியில் வருகிறவன் எல்லாம் நல்லவன்.

தண்ணீர் குடிக்கிறீங்களா? அங்கே பானையில் இருக்கிறது. எடுத்துக்குங்க.

இப்போது அந்தக் கறுப்பு மூலை அட்டைக்கு வருகிறேன். பெரிய மனுஷர்கள் வயதாகிவிட்டால், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே டெலிக்காரர்கள் இரங்கல் எழுதி வைத்துக்கொள்வார்கள். நம்ம ஊரில் கேட்டால் அடிக்க வருவார்கள். அங்கே அது ஒரு வேலை. அதற்குப் பேர் என்ன தெரியுமா? ஆறின கறி. நிஜமாக. அலமாரியில் ஆறின கறி என்று ஒரு டிராயர், உள்ளே மூலையில் கறுப்பு மை தீட்டின அட்டைகள். நான்தான் அதற்குப் பொறுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தூசி தட்டி, புதிதாக ஏதாவது செய்திருந்தால் சேர்த்து, மறுபடி உள்ளே வைப்பேன். அறுபது பேர் இருந்தார்கள். அவர்கள் எல்லாம் என் சொந்தக்காரர்கள் மாதிரி. யாராவது தும்மினால் எனக்குத் தெரியும்.

அதில் சூசான் பெல்வால் என்று ஒரு நாடக நடிகை. அவருக்கு எழுபத்திரண்டு வயதானபோது எழுதினேன். ஒரு வரி விழுந்தது, இருதயராஜ். வாழ்க்கையில் ஒருவனுக்கு ஒரு தடவைதான் அப்படி விழும். தமிழில் சொல்கிறேன், பாதிதான் வரும். "இருபது வருஷமாக அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. ஆனாலும் அவர் இறங்கிவிட்டார் என்று எந்த மேடையும் நம்பவில்லை." எப்படி இருக்கிறது? பிரெஞ்சில் இன்னும் நன்றாக இருக்கும். அந்த அட்டையில் நாலாவதாக ஒரு வரி சேர்த்தேன், அதற்காக மட்டும் சட்டத்தை மீறினேன். மூன்றாவது வரியும் நல்லதுதான். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த அம்மாள் சன்னலைத் திறந்து, காலித் தெருவைப் பார்த்து மேடையில் குனிகிற மாதிரி ஒரு தரம் குனிவார். எதிர்வீட்டுப் பூக்கடைக்காரி சொன்னது.

எழுதி டிராயரில் வைத்தாச்சு. அந்த அம்மாள் சாகவில்லை. எழுபத்தைந்து ஆயிற்று. எண்பது ஆயிற்று. இருபதை இருபத்தெட்டு ஆக்கினேன், முப்பது ஆக்கினேன். ஒவ்வொரு வருஷமும் புது அட்டையில் அந்த வரியை அழகாகத் திரும்ப எழுதுவேன். நான் அவருக்குக் கெட்டது நினைத்தேன் என்று நீங்க நினைக்கக்கூடாது. நான் நினைத்தது அந்த வரியைப் பற்றி. ஒரு நல்ல வரி பதினோரு வருஷம் இருட்டு டிராயரில் கிடக்கிறது, அதை எழுதினவனுக்கு எப்படி இருக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நியூஸ் ஏஜென்சி மெஷினில் ஒரு துண்டு வந்தது. பெல்வால் உடல்நிலை மிக மோசம் என்று தகவல், உறுதிசெய்யப்படவில்லை. எங்கள் சட்டம், இரண்டு இடத்தில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும், அதில் ஒன்று வீடாக இருக்க வேண்டும். அந்த அம்மாள் வீட்டுக்கு நான் போன் செய்தேன். எடுக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி. எடுக்கவில்லை. மூணாவது தடவையும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நான் யோசித்தேன். சாவு வீட்டில் யார் போனை எடுப்பார்கள்? நம்ம வீடுகளில் எடுப்பார்களா? அழுதுகொண்டிருப்பார்கள் இல்லையா? அதையே ஒரு உறுதியாக எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு அட்டையை உள்ளே அனுப்பினேன். அவர் பார்த்தார். முகம் மாறிவிட்டது, அந்த அம்மாளை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நீளமான பார்வை. நான் இடது காதைத் தொட்டேன்.

அவர் படித்தார். என்ன படிப்பு. கடைசி வரியில் குரல் லேசாக உடைந்தது. காமிராக்காரர் ஒருவர் மூக்கைச் சிந்தினார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, என் வரி நாடு முழுக்கப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் மகள் பிறந்த அன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

பதினோரு நிமிஷம். பதினோரு வருஷம் காத்த வரி பதினோரு நிமிஷம்தான் நின்றது. போன் வந்தது. அந்த அம்மாளே. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கோழி வாங்கப் போயிருந்தாராம். கோழியை அடுப்பில் வைத்துவிட்டு டெலியைப் போட்டால் தான் செத்துப்போய்விட்ட செய்தி. நேரலையில் இணைத்துவிட்டார்கள். "மிஸ்யே ரூசேன், நான் சாகவில்லை. ஆனால் சன்னல் விஷயம் நிஜம். அதை உங்களுக்கு யார் சொன்னது?" என்கிறார். ழில்பேர் எழுந்து நின்றுவிட்டார். "மதாம், என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தப்பும் செய்ததில்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேலே இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

அன்று மூணு மணிக்கே விசாரணை. அதே அறையில். நிலையத்து டைரக்டர் முகம் வெள்ளைத் தாள் மாதிரி இருக்கிறது. "அட்டை யார் எழுதினது?" ழில்பேர் சொன்னார், "நான் எழுதினேன்." "யார் உறுதிசெய்தது?" "யாரும் இல்லை. நானே எழுதினேன், நானே சரிபார்க்காமல் படித்தேன். எல்லாம் என் கை." நான் எங்கே நிற்கிறேன்? கதவு பக்கத்தில், இரண்டடி தூரத்தில். என் வரியை, பதினோரு வருஷம் நான் தேய்த்து மெருகேற்றின வரியை, என் கண்ணெதிரே தன்னுடையது என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? டைரக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரவுக் காவலாளி இங்கே என்ன செய்கிறான்?" ழில்பேர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "அவரா? எனக்குக் கதவு திறந்துவிட வந்தார்" என்றார்.

கதவு திறந்துவிட.

அந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, இருதயராஜ், அது இங்கே, நெஞ்சுக்கு நடுவில், இன்னும் அப்படியே நிற்கிறது. பதினெட்டு வருஷம் அவருக்கு மூளையாக இருந்தவனைக் கதவு திறக்கிறவன் என்று சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று அமிர்தம் கேட்பாள். அதிர்ச்சி. அதிர்ச்சியில் மனுஷனுக்கு எப்படி வாய் வரும்?

அவரை ஞாயிறு நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சைக்கிள் பந்தயமும் போயிற்று. ஏதோ ஒரு மாவட்டத்துச் சின்னச் சேனலில் பெத்தாங்குக்கு வர்ணனை சொல்லப் போனார். நம்ம ஊரிலும் விளையாடுகிறார்களே, இரும்புக் குண்டை உருட்டுகிறது, அதற்கு. ராஜா கல்யாணத்துக்குப் பேசின குரல், நாலு கிழவர்கள் குண்டு உருட்டுவதற்குப் பேசியது. ஆறு வருஷம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலும் ஒன்பது வருஷம் அதே கதவு, அதே சாவி, அதே நாற்காலி. டிராயரில் கை வைக்கவில்லை. அட்டையும் எழுதவில்லை. பெல்வால் அம்மாள் நாலு வருஷம் கழித்து நிஜமாகவே போனார். வேறு ஒருவன் எதையோ படித்தான். என் வரியை எப்படிப் பயன்படுத்துவது, அதுதான் சிரிப்பாகிவிட்டதே. வீணாய்ப்போச்சு.

புதுவருஷத்துக்கு அவர் ஒரு கார்டு போடுவார். அதிலும் மூணு வரி. ஒன்று நினைவிருக்கிறது. "சிங்காரவேலு. இங்கே மழை. குண்டு சாக்கடையில் விழுந்ததற்கு இன்று ஒரு கிழவர் அழுதார், அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் அட்டை இல்லை." இப்படி எழுதினால் நான் உருகிவிடுவேன் என்று நினைத்தார் போல. நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஒரு சாட்சிக்கு இருக்கட்டும் என்று.

இப்போது அவர் செத்த பிறகு வீட்டைக் காலி செய்யும்போது ஒரு மரப்பெட்டி கிடைத்ததாம். உள்ளே இடது பை அட்டைகள் எல்லாம். பதினெட்டு வருஷத்து அட்டை, ஒன்று விடாமல், வருஷ வாரியாக நூல் கட்டி. மேலே என் பேர் முழுசாக எழுதியிருந்ததாம், ஒரு எழுத்து பிசகாமல், பக்கத்தில் புதுச்சேரி என்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் சொலேன் இங்கே வந்தாள். காலையில் மேசையில் வைத்தது பெல்வால் அட்டை, அதில் இருப்பது அவர் கையெழுத்து இல்லை என்று அவளுக்குத் தெரியும். நான் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

சொல்லப்போகிறேன். இதற்காகத்தானே இத்தனை வருஷம் இருந்தேன்? சொல்தா சங்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்தாச்சு, பிரெஞ்சு டெலியில் என் பேர் வரும் பாருங்க என்று. ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்த வரி அவர் எழுதினது இல்லை என்று நான் சொல்லிவிட்டால் அவர் பேர் என்ன ஆகும்? செத்த மனுஷன். திருடன் என்று ஆகிவிடுமே. அதனால்தான் காலையில் சாப்பாட்டைச் சாக்காகச் சொன்னேன். நான் குறை சொல்கிறவன் இல்லை.

என்ன கேட்டீங்க?

அன்றைக்கு அவர் என் பேரைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றா? என்ன ஆகியிருக்கும். எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அந்த வரி யாருடையது என்று. வேலை போயிருக்கும், அது வேற விஷயம். நாங்கள் இருந்த வீடு கம்பெனி கொடுத்தது, அதுவும் போயிருக்கும், அது வேற விஷயம். மகள் அப்போது மருத்துவம் இரண்டாம் வருஷம். அது...

அது வேற விஷயம்.

நீங்க விளக்கு பிடிக்கிறவர், இருதயராஜ், விளக்கைப் பிடிங்க.

இல்லை, கோபம் இல்லை. உட்காருங்க. அவர் பேர் கெடாது என்கிறீங்க. நல்லதாகத்தான் ஆகும் என்கிறீங்க. கெடுகிற பேர் வேற ஆளுடையது என்கிறீங்க. அமிர்தமும் இதையேதான் சொல்கிறாள், இருபது வருஷமாக. அவள் சொல்வது வேறு, அவர் தன் ஊறுகாயை ரசித்துத் தின்றதற்காகப் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்க அவரைப் பார்த்ததுகூட இல்லையே. காலையில்தான் வந்தீங்க.

கதவு திறந்துவிட வந்தார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் கை மூக்குக்குப் போயிருக்கும், என் பேரைச் சொல்லவேண்டாம் என்று. அது அவருக்குத் தெரியும் போலிருக்கிறது.

ஒன்று காட்டுகிறேன். என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, யாரிடமும் காட்டினதில்லை. இதுவும் மஞ்சள் அட்டைதான். கறுப்பு மூலை. அவருடையது. டிராயரில் எல்லோருக்கும் எழுதினபோது அவருக்கும் ஒன்று எழுதினேன். முதல் வரி, ழில்பேர் ரூசேன். இரண்டாவது வரி, கறிக்கடைக்காரர் மகன், அம்மா கல்லாவில் உட்கார்ந்தபடி வாடிக்கையாளர்களுக்குப் பத்திரிகை படித்துக்காட்டுவாள். மூன்றாவது வரியைப் பாருங்க. வெற்றிடம். நான் விட்ட ஒரே வெற்றிடம். ஊருக்கெல்லாம் கண்டுபிடித்தேன், கொலம்பியாக்காரனுக்குக்கூடக் கண்டுபிடித்தேன். அவரைப் பற்றித்தான் நாட்டுக்கே எல்லாம் தெரியுமே, யாருக்கும் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

பேனா இருக்கிறதா? இல்லை, வேண்டாம். எழுத்து ஒழுங்காக வராது, சாப்பிடவில்லை இல்லையா. சர்க்கரை.

கார் சத்தம் கேட்கிறது பாருங்க. வந்துவிட்டார்கள். இருதயராஜ், ஒரு உதவி செய்யுங்க. காமிரா ஓட ஆரம்பித்ததும் என்னையே பார்த்துக்கொண்டிருங்க. அவள் கேள்வி கேட்கும்போது நான் மூக்கைத் தொட்டால், உடனே விளக்கை அணைத்துவிடுங்க. கரண்ட் போய்விட்டது என்று சொல்லுங்க, இந்த ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதற்குள் நான் மயக்கம் என்று படுத்துக்கொள்வேன், அவர்களுக்கு ராத்திரி விமானம், போய்விடுவார்கள். காதைத் தொட்டால் விட்டுவிடுங்க. இடது காது. அந்தப் பாஷை தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார், இப்போது நீங்கதான்.

உஷ். வணக்கம் மதாம், சாப்பாடு நன்றாக இருந்ததா? மீன் சாப்பாடா, நல்லது. நான்? நானும் சாப்பிட்டேன். ஆமாம், தயார்.

இருதயராஜ், அவள் கேட்கிறதைத் தமிழில் சொல்கிறேன், கேட்டுக்குங்க. காலையில் கேட்டதை இவள் கேட்கவில்லை. அட்டையை ஓரமாக வைத்துவிட்டாள். "மிஸ்யே சிங்காரவேலு, ழில்பேர் ரூசேனைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் சொல்லுங்கள்" என்கிறாள்.

கையை என்ன பார்க்கிறீங்க? அது தானாகப் போகிறது. மூக்குப் பக்கம் இல்லை, இன்னும் மேலே, இடது பக்கம். அரிப்பு இல்லை, இருதயராஜ். காதுதான்.

விளக்கு எரியட்டும்.